நாலாம் நம்பர் வண்டியின் நடுக்கம்

மார்ச் 4, செவ்வாய்

தம்பியின் வெள்ளைச் சட்டைக்கு நான் இஸ்திரி போட்டேன். அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். சட்டைத் தோளில் ஒரு பட்டை. இரண்டாவது பட்டைக்கு இன்னும் நாளிருக்கிறது, ஆனால் அம்மா இப்போதே அதற்கு நூல் வாங்கி வைத்திருக்கிறாள். என் வேலைச் சட்டை எண்ணெய்க் கறையோடு அதே கொடியில் காய்கிறது. அதை யாரும் இஸ்திரி போடச் சொல்வதில்லை. நானும் போடுவதில்லை.

ஒரே பேருந்தில் போகிறோம். ஒரே வாசலில் இறங்குகிறோம். உள்ளே போனதும் அவன் இடது பக்கம் திரும்புகிறான்: வகுப்பறை, குளிர்சாதனம், சுவர் முழுக்க வரைபடம். நான் வலது பக்கம்: தகரக் கொட்டகை. அவன் ஓட்டுகிற சின்ன விமானங்களின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடப்பதுதான் என் உத்தியோகம்.

இந்த விமானப் பயிற்சிப் பள்ளியின் விளம்பரத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார்? நான். எனக்காகக் கொண்டுவந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, "ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் முடியும்மா" என்றார். அந்த ஒருத்தர் யார் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. இயற்பியலில் நான் தொண்ணூற்று நாலு. அவன் அறுபத்தொன்று.

எனக்கு மெக்கானிக் படிப்பு கிடைத்தது, சும்மா கிடைத்தது. அவனுக்கு வானம் கிடைத்தது.

எழுதினால் ஆறும் என்கிறார்கள். ஆறவில்லை.

மார்ச் 6, வியாழன்

நாலாம் நம்பர் வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். (கொட்டகையில் விமானத்தை விமானம் என்று யாரும் சொல்வதில்லை. எல்லாம் வண்டிதான்.) அரை மணி கழித்து அவன் அதில் தனியாக ஏறிப் போனான். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, என் கை பட்டதாயிற்றே.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "அக்கா, நாலாம் நம்பர்ல நடுக்கம் இருக்கு. எறங்கி ஓடும்போது."

நடுக்கம் என்பது கொட்டகைச் சொல். தரையிறங்கிய வண்டி ஓடுபாதையில் ஓடும்போது முன் சக்கரம் இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடுவதற்குப் பெயர். தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் அதன் சின்னச் சக்கரம் துடிக்குமே, அப்படி. அது இரண்டு காரணத்தால் வரும். சக்கரத்தைக் கோணாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கத்தரி தேய்ந்திருக்கும். கத்தரி என்றால் இரண்டு தகடு, நடுவில் ஒரு போல்ட், போல்ட்டைச் சுற்றிப் புஷ் என்கிற சின்ன வளையம், பார்க்கக் கத்தரிக்கோல் மாதிரியே இருக்கும். அல்லது ஓட்டுகிறவன் பின் சக்கரங்களில் இறங்கத் தெரியாமல் மூக்கைக் கொண்டுபோய்த் தரையில் குத்துவான்.

எதுவென்று நான் கேட்டிருக்க வேண்டும். எவ்வளவு வேகத்தில் வருகிறது, பிரேக் போடும்போதா, போடாமலா?

நான் கேட்டது இது: "நடுக்கம் வண்டிக்கா, உனக்கா?"

அப்பா சிரித்துவிட்டார். வாயில் இருந்த சோறு சிதறுகிற அளவுக்குச் சிரித்தார். அவன் விஷயத்தில் என் பேச்சுக்கு அப்பா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவன் காது சிவந்தது. "எனக்குன்னே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

கேவலமாக இருக்கிறது, ஆனால் எழுதுகிறேன்: இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 12, புதன்

இதை நெட்டையிடம் சொல்லியிருக்க வேண்டாம். நெட்டை என்னோடு வேலை செய்கிற மெக்கானிக். கதவு நிலையில் தலை இடிக்காத நாளில்லை, ஒரு விஷயம் வயிற்றில் தங்காது. மதியத்துக்குள் கொட்டகை முழுக்கப் பரவிவிட்டது. தம்பி எரிபொருள் சீட்டு வாங்க வந்தபோது நெட்டை ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒதுங்குங்கப்பா, நடுக்கம் வராரு, நடுக்கம் வராரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான்.

நானும் சிரித்தேன்.

மார்ச் 14, வெள்ளி

நாலாம் நம்பருக்கு, ஐம்பது மணிநேரம் பறந்ததும் செய்கிற பரிசோதனை. நெட்டை வாலை அழுத்திப் பிடித்தான், மூக்கு மேலே எழும்பியது, நான் முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கத்தரியில் ஆட்டம் இருந்தது. தெரிகிற அளவுக்கு இருந்தது.

'கையெழுத்து' மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு எஞ்சினியர் அவர்தான். கையெழுத்துப் போடும் உரிமை அவர் ஒருவருக்கே இருப்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் அதுதான் பெயர். நாங்கள் ஐந்து பேர் கழற்றுவோம், பூட்டுவோம், துடைப்போம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி பறக்கும்.

"கத்தரில ஆட்டம் இருக்கு சார்."

"எவ்ளோ?"

"லேசா."

"லேசா எல்லா வண்டியிலயும்தான் இருக்கு. பசங்க யாராச்சும் நடுக்கம்னு சொன்னாங்களா?"

"புகார் புத்தகத்துல எதுவும் இல்ல சார்."

"அப்ப விடு. புது புஷ் வரட்டும், மாத்திக்கலாம்."

கையெழுத்துப் போட்டார்.

அவர் கேட்டது, சொன்னார்களா என்று. நான் பதில் சொன்னது, எழுதினார்களா என்பதற்கு. இங்கே யாரும் எதையும் புத்தகத்தில் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியாதா? எழுதினால் அதைச் சரிசெய்து கையெழுத்தாகும்வரை வண்டி நின்றுவிடும். வண்டி நின்றால் மேலாளர் கொட்டகைக்கே வந்து கத்துவார். அதனால் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், எதுவானாலும் மெக்கானிக் காதில் போடு, புத்தகத்தைத் தொடாதே என்று. தம்பி அதைத்தான் செய்தான். மெக்கானிக் காதில் போட்டான். மெக்கானிக் வீட்டிலேயே இருக்கிறாள் என்பதால் வீட்டிலேயே போட்டான்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மார்ச் 17, திங்கள்

பயிற்றுநர் என்னைத் தேடிவந்து சொன்னார்: "உன் தம்பிக்குக் கை ரொம்பப் பக்குவம்மா. இந்த வருஷத்துப் பசங்கள்லயே அவன் எறக்குற மாதிரி யாரும் எறக்குறதில்ல."

ஸ்பேனரைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர். திரும்பவும் துடைத்தேன்.

மே மாதம் எனக்கு உரிமத் தேர்வு. தேறினால் நானும் கையெழுத்துப் போடலாம். விண்ணப்பத்தில் என் அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் 'கையெழுத்து'தான். தாள் அவர் மேசையில் பத்து நாளாகக் கிடக்கிறது. இதை வீட்டில் சொன்னேன். "நல்லதும்மா" என்றார் அப்பா. பிறகு தம்பியிடம் திரும்பி மேகத்துக்குள் போனால் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

பயிற்றுநர் சொன்னதை நான் வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

உட்கார்ந்து எழுத முடியவில்லை. எழுதாமலும் முடியவில்லை.

காலை ஒன்பதே முக்கால். வண்டி இறங்குகிற சத்தம் — சக்கரம் தொடுகிற கீச்சு. அது சரியாகத்தான் இருந்தது, பின் சக்கரம் இரண்டும் தொட்டன, மூக்கு பிறகுதான் இறங்கியது, எனக்குக் காதிலேயே தெரியும். அப்புறம் ஒரு படபடப்பு. அப்புறம் டக்கென்று ஒன்று. அப்புறம் இரும்பைத் தரையில் போட்டு இழுக்கிற சத்தம் — நிற்கவே இல்லை அது —

ஓடினேன். நெட்டை எனக்கு முன்னால் ஓடினான். நாலாம் நம்பர் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் மூக்கைக் குத்திக்கொண்டு கிடந்தது. வால் மேலே. புரொப்பெல்லர் பின்பக்கமாக மடங்கியிருந்தது. எரிபொருள் நாற்றம்.

நான் முதலில் பார்த்தது எதை? ஏன் பொய் எழுத வேண்டும், இதை யார் படிக்கப் போகிறார்கள். சக்கரத்தைப் பார்த்தேன். முன் சக்கரம் குறுக்கே திரும்பி, அதைத் தாங்கும் கால் மடங்கி, கத்தரியின் ஒரு தகடு மேலே, ஒரு தகடு கீழே. நடுவில் போல்ட் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் கதவைப் பார்த்தேன்.

கதவைத் திறந்து தம்பியை வெளியே இழுத்தது நெட்டைதான். நெற்றியில் ரத்தம். வலது கை மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அக்கா, அம்மாகிட்ட நீ சொல்லாத, நானே சொல்றேன்" என்றான்.

உயிரோட இருக்கான். உயிரோட இருக்கான். உயிரோட இருக்கான்.

மார்ச் 21, வெள்ளி

மருத்துவமனை. நெற்றியில் எட்டுத் தையல், மணிக்கட்டில் கட்டு. அம்மா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு டைபாய்டு வந்தபோது கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனவள். இதையெல்லாம் இப்போது கணக்குப் பார்க்கிறேன் பார்.

மேலாளர் பழக்கூடையோடு வந்தார். அப்பாவின் தோளில் கை போட்டார். "பயப்படாதீங்க. சின்னப் பசங்க, மூக்கைக் குத்தி எறக்கிடுவாங்க. நடக்குறதுதான்."

அப்பாவின் முகம் அப்படியே விழுந்தது.

அந்த நேரத்தில் எனக்குள் ஒன்று துள்ளியது. எழுதவா? எழுதுகிறேன். சந்தோஷம். ஒரு நொடிதான், ஆனால் அதற்கு வேறு பெயர் கிடையாது. அவனுக்குப் பதில் நான் போயிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று இப்போது அப்பாவுக்குத் தோன்றும் — அந்தச் சந்தோஷம். போல்ட் இல்லாத கத்தரியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் இவள்.

மார்ச் 24, திங்கள்

கையெழுத்து கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மூன்று வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை.

"பரிசோதனைல எல்லாம் சரியா இருந்துச்சு. புத்தகத்துல புகார் ஒண்ணும் இல்ல. குத்தி எறக்குனதுல போல்ட் போச்சு. அவ்ளோதான். விசாரணைக்கு ஆள் வருவாங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"ஆட்டம் இருக்குன்னு நான் சொன்னேனே சார்."

"லேசான்னு சொன்ன." தேநீரைக் கலக்கினார். "உன் விண்ணப்பம் இங்கதான் இருக்கு. இந்த வாரம் அனுப்பிடலாம்னு பாக்கறேன்."

போன வருடம் ஒப்பந்தக்காரரின் மகன் இரண்டாம் நம்பரின் இறக்கையை எண்ணெய்ப் பீப்பாயில் இடித்தான். வண்டி தரையில், நடை வேகத்தில். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். புத்தகத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? பறவை மோதியது. அந்த இடத்தில் அன்றைக்கு ஒரு காக்கா கூடக் கிடையாது. அவனுக்குப் பறவை கிடைத்தது. ஆலையில் ஷிப்டு பார்த்து ஓய்வுபெற்ற எங்கள் அப்பாவின் மகனுக்கு, பழியைப் போட அவன் தலையே கிடைக்கும்.

இவ்வளவு கோபம் வருகிறது. அறையை விட்டு வரும்போது என்ன சொன்னேன்? "சரி சார்."

மார்ச் 26, புதன்

தம்பியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அம்மா கடைக்குப் போனபிறகு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் நடுக்கம்னு உங்கிட்ட சொன்னேன்ல?"

"எப்ப?"

என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை.

 கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டான். "சரி விடு. நான்தான் வேகமா எறக்கிட்டேன் போல" என்றான்.

மார்ச் 27, வியாழன்

எப்ப. எப்ப. எப்ப.

மார்ச் 31, திங்கள்

பள்ளியிலிருந்து கடிதம். விசாரணை முடியும்வரை தம்பி வரக்கூடாது. மாணவரின் தவறு உறுதியானால் சேர்க்கை ரத்து. ஆனால் மேலாளர் போனில் அப்பாவிடம் வேறு மாதிரி சொன்னாராம். பையன் தன் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் கருணையோடு பார்ப்பார்களாம். என்ன கருணை, எவன் கேட்டான் உன் கருணையை.

அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "நீ சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும். அவன் தப்புதானா?"

உனக்குத்தான் தெரியும். இந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். விளக்கினேன். கத்தரி என்றால் என்ன, பின் சக்கரத்தில் இறங்குவது எப்படி, மூக்கைக் குத்துவது எப்படி. தாளில் படம் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த விளம்பரத் தாளைப் படித்த மாதிரி, ஒரு கோடு விடாமல் பார்த்தார். "ரெண்டு விதமாவும் வரலாம்பா" என்று முடித்தேன்.

எந்த விதமாக வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

ஒப்புதல் கடிதத்தை இடது கையால் எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். கோழி கிறுக்கின மாதிரி. "தப்பு இருந்தா திருத்திக் குடு அக்கா. உனக்குத்தான் நல்லா எழுத வரும்."

"நான் தரையிறங்கும்போது வேகத்தைக் குறைக்கத் தவறி, முன் சக்கரத்தை முதலில் தரையில் மோதச் செய்துவிட்டேன்."

நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவை எடுத்தேன். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தினேன். ஓரிடத்தில் காற்புள்ளி வைத்தேன். 'நன்றி அக்கா' என்று வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்தான். நாளைக்கு அதிகாரி வருகிறார். நேரிலும் இதையே சொல்ல வேண்டுமாம். முன் சக்கரத்தை முதலில். முன் சக்கரத்தை முதலில்.

இல்லடா. நீ பின் சக்கரத்துலதான் எறங்கின. ரெண்டும் ஒண்ணாத் தொட்டுச்சு. பஞ்சு மாதிரி எறக்கின. நான் கேட்டேன்டா. நான் எறக்கினாலும் அப்படி எறக்கியிருக்க மாட்டேன்.

அதுதான் தாங்க முடியவில்லையோ எனக்கு?

ஏப்ரல் 3, வியாழன்

விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. தேய்ந்த செருப்பு, தோளில் துணிப்பை. நாலாம் நம்பரின் முன் காலை அவரே கழற்றி வைத்திருந்தார். யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எனக்கு முன்னால் 'கையெழுத்து' உள்ளே போயிருந்தார், இருபது நிமிடம். வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினார்.

உள்ளே போனேன்.

"முன் சக்கரம் பத்தி யாராவது புகார் எழுதியிருந்தாங்களா?"

"இல்ல மேடம்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பேனாவைக் கீழே வைக்கவில்லை. "சரி. யாராவது சொல்லியிருந்தாங்களா? இது வேற கேள்வி."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போல்ட்டின் பாதி கிடந்தது. உடைந்த முகத்தில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. கறுப்பு என்றால் பழைய விரிசல். பல நாளாக இருந்த விரிசல். அதை அந்த அம்மா படிக்கத் தெரிந்தவர். நானும்தான்.

சொன்னேன். பதினொன்றாம் தேதி தம்பி சொன்னதை. நான் கேலி செய்ததை. அந்தக் கேலியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்ததை. பதினாலாம் தேதி ஆட்டம் இருந்ததை, அது லேசாக இல்லை என்பதை, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பதில் சொன்னதை. 'எப்ப' என்றதைக்கூடச் சொன்னேன், அது அவருக்குத் தேவையே இல்லை.

"ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"அவன் மேல பொறாமை மேடம்."

பேனா நின்றது. "இத அப்படியே எழுதிக்கவா?"

"எழுதிக்கோங்க."

பாசத்தால் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அது பொய். தம்பிக்காகவா, அந்தப் பறவைக்காகவா, போல்ட்டுக்காகவா, தெரியவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

வீட்டில் சொன்னேன். மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன்.

தம்பிதான் முதலில் பேசினான். "அப்ப உனக்குத் தெரியும். கடிதத்துல தப்பு திருத்தும்போதும் தெரியும்."

"தெரியும்."

எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அம்மா என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். "அவன் செத்திருந்தா?" என்றாள். அவ்வளவுதான்.  

அப்பா, "ஏம்மா?" என்றார். அதில்தான் எனக்கு வெடித்தது. ஏன்னா கேக்கறீங்க? தொண்ணூத்தி நாலுப்பா நான். தாளக் கொண்டாந்தது நானு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நீ போறியாம்மான்னு கேட்டிருக்கலாமில்ல? இல்லன்னு சொல்றதுக்காவது கேட்டிருக்கலாமில்ல? எல்லாம் கத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கேட்டிருக்கணும்" என்றார்.

கேட்டிருக்கணும். சரி. அதனால் நான் செய்தது சின்னதாகிவிடுமா? ஆகவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வேலை போயிற்று. 'கவனக்குறைவு காரணமாக.' நெட்டை என் கருவிப் பெட்டியைப் பேருந்து நிறுத்தம்வரை தூக்கி வந்தான். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமில்ல நீ? இப்ப பாரு, அவரு அதே மேசைல அதே தேநீர்." கொஞ்சம் நடந்துவிட்டு, "நானும்தான் அவன நடுக்கம்னு கூப்ட்டேன்" என்றான். அந்தப் பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

கையெழுத்துப் போட்டவர் உள்ளே இருக்கிறார். சக்கரத்தை ஆட்டிப் பார்த்தவள் வெளியே. நான் தப்புச் செய்தேன், என்னை அனுப்பட்டும், ஒன்றும் சொல்லமாட்டேன். நான் ஒருத்திதான் செய்தேனா?

விண்ணப்பத்தின் கடைசி நாள் இன்றோடு முடிந்தது.

மே 19, திங்கள்

அறிக்கை வந்துவிட்டது. போல்ட்டில் பழைய விரிசல், புஷ் தேய்ந்து துளை நீள்வட்டமாகியிருந்தது, பராமரிப்பிலும் புகார் பதிவிலும் குறை. 'விமானியின் கையாளுதலில் தவறில்லை.' இனிப் புகார்கள் அனைத்தும் எழுத்தில் மட்டும் என்று பள்ளிக்கு உத்தரவு. ஒரு வருடம் நான் உரிமத் தேர்வு எழுத முடியாது. 'கையெழுத்து'க்கு மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், அவர் அதை விடுப்பாக எடுத்துக்கொண்டு ஊருக்குப் போயிருக்கிறாராம்.

தம்பி திரும்பப் பறக்கலாம். அம்மா அழுதாள். அவன் அறிக்கையின் ஒரு பிரதியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.  ஏப்ரலிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமானால் அம்மாவிடம் கேட்கிறான், செம்பு என் பக்கத்தில் இருந்தாலும்.

ஜூன் 9, திங்கள்

பேருந்துப் பணிமனையில் வேலை கிடைத்திருக்கிறது. பிரேக் பிரிவு. முதல் நாளே ஓட்டுநர் ஒருவர், "பொம்பளப் புள்ள பிரேக் வச்சா வண்டி நிக்குமா?" என்றார். "நிக்கலன்னா திரும்பி வந்து சொல்லுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் நல்லவர்தான், மாலையில் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

காலையில் இப்போது தனிப் பேருந்து. அவன் பேருந்து எனக்கு எதிர்த்திசையில் போகிறது. ஜன்னல் ஓரத்தில் வெள்ளைச் சட்டை தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிந்தால் வயிறு எரிகிறது. தெரியாவிட்டால் பயமாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

மதியம் அம்மாவின் போன் அடித்தது. தம்பி. இன்று அவனுக்குத் தனியாக முதல் நெடும்பயணம். வேறொரு ஊரின் ஓடுபாதையில் இறங்கிவிட்டான், அங்கிருந்து கூப்பிடுகிறான். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். நான் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

அவன் முதலில் கேட்டது: "அக்கா இருக்காளா?"

அம்மா கதவைத் தட்டினாள். "குளிக்கிறேன்னு சொல்லு" என்றேன். குழாயை மூடினேன். மூடினால்தான் கேட்கும். ஈரக் கையோடு கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். பாதிதான் கேட்டது.

வெளியே வந்ததும், "என்ன சொன்னான்?" என்றேன்.

"மேகத்துக்கு மேல போனானாம்."

"மேல போயிருக்க மாட்டான். தனியாப் போற பசங்கள அவ்ளோ ஏற விடமாட்டாங்க. ஓரமாப் போயிருப்பான்."

"ஏதோ ஒண்ணு. கீழ ஆறு தெரிஞ்சுதாம். அப்புறம் ஏதோ காத்து அடிச்சுதாம், கோணலா வந்தானாம், எனக்கு என்ன புரியுது. உன்னத்தானே கேட்டான், நீயே பேசியிருக்கலாமில்ல?"

போனை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் அவனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.   அந்தப் பக்கம் எங்கோ ஓர் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அது சீராக ஓடுகிறதா என்று கொஞ்ச நேரம் கேட்டேன்.

பிறகு, "காத்து எந்தப் பக்கம்டா இருந்துச்சு?" என்றேன்.

"எடது பக்கம்கா" என்று ஆரம்பித்தான். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த இடம், இறக்கையைச் சாய்த்த விதம், எந்தச் சக்கரம் முதலில் தொட்டது, எந்தச் சக்கரம் பிறகு, எல்லாவற்றையும் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. கீழேயிருந்து அம்மா இரண்டு முறை கூப்பிட்டாள். நான் போனை வைக்கவில்லை.